ஒரே வார இறுதியில் பல போட்டிகள்: தொலைக்காட்சி ரசிகருக்கான திட்டமிடல் வழிகாட்டி

2019 ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை. லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதிப் போட்டியும், அதே நகரில் விம்பிள்டன் ஆடவர் ஒற்றையர் இறுதியும், சில்வர்ஸ்டோனில் பிரிட்டிஷ் கிராண்ட் பிரி கார்ப் பந்தயமும் ஒரே பிற்பகலில் நடந்தன. கார்ப் பந்தயம் ஹாமில்டனின் வெற்றியோடு குறித்த நேரத்தில் முடிந்துவிட்டது. மற்ற இரண்டும் யாரும் எதிர்பாராத அளவுக்கு நீண்டன. டென்னிஸ் இறுதி 4 மணி 57 நிமிடங்கள் நடந்தது. கிரிக்கெட் இறுதி சமனில் முடிந்து, சூப்பர் ஓவரும் சமனில் முடிந்து, அடித்த பவுண்டரிகளின் எண்ணிக்கையால் தீர்மானிக்கப்பட்டது. நான் ரிமோட்டைக் கீழே வைக்காமல் எல்லாவற்றையும் பார்த்துவிட முயன்றேன். ஐந்தாவது செட்டில் ஃபெடரர் 8-7 என்ற முன்னிலையில், 40-15 என்று இரண்டு சாம்பியன்ஷிப் புள்ளிகளை (ஒன்றை வென்றாலே பட்டம்) கையில் வைத்திருந்தபோது, என் திரையில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தபோது ஜோகோவிச் இரண்டையும் காப்பாற்றி 8-8 என்று சமன் செய்திருந்தார். அந்த நிமிடங்களை நேரலையில் தவறவிட்டது இன்றும் எனக்கு வருத்தம்தான். அதன்பின், இப்படி ஆட்டங்கள் குவியும் வார இறுதிகளுக்கு முன்னதாகவே தாளும் பேனாவுமாக உட்கார்ந்து திட்டம் எழுதும் பழக்கம் வந்தது. அந்தப் பழக்கத்தைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வியாழக்கிழமையன்று செய்ய வேண்டியது

முதல் வேலை பட்டியல் எழுதுவது. பார்க்க ஆசைப்படும் ஆட்டங்கள் அனைத்தையும் எந்தத் தணிக்கையும் இல்லாமல் எழுதுங்கள். வெட்டும் வேலை பிறகு வரும். தொடங்கும் நேரத்தைப் போட்டியை நடத்தும் அமைப்பின் அட்டவணையிலிருந்தே எடுக்க வேண்டும். சேனல்கள் அறிவிக்கும் நேரம் பெரும்பாலும் முன்னோட்ட நிகழ்ச்சி தொடங்கும் நேரமாக இருக்கும். ஆட்டம் அதற்கு அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ கழித்துத்தான் தொடங்கும். இந்த இரண்டு நேரங்களையும் தனித்தனியாகக் குறித்துக்கொண்டாலே பட்டியலில் மோதுவதாகத் தோன்றும் சில ஆட்டங்கள் மோதவில்லை என்பது தெரிந்துவிடும்.

அடுத்தது நேர மண்டலம். வெவ்வேறு நாடுகளில் நடக்கும் ஆட்டங்களை உங்கள் ஊர் நேரத்துக்கு நேரடியாக மாற்றினால் பிழை எளிதில் நுழைந்துவிடும். முதலில் எல்லாவற்றையும் யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றி, அதிலிருந்து உங்கள் கடிகாரத்துக்குக் கொண்டுவருவதே பாதுகாப்பான வழி. மார்ச், அக்டோபர், நவம்பர் மாதங்களில் கூடுதல் கவனம் வேண்டும். ஐரோப்பாவில் கடிகாரங்கள் மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறன்று ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டு, அக்டோபரின் கடைசி ஞாயிறன்று பின்னே கொண்டுவரப்படுகின்றன. அமெரிக்காவின் பெரும்பகுதியில் இந்த மாற்றம் மார்ச்சின் இரண்டாவது ஞாயிறன்றும் நவம்பரின் முதல் ஞாயிறன்றும் நடக்கிறது. ஆகவே மார்ச்சில் இரண்டு மூன்று வாரங்களுக்கும், அக்டோபர் இறுதியில் ஒரு வாரத்துக்கும் அந்த இரண்டு பகுதிகளுக்கும் இடையிலான இடைவெளி வழக்கத்திலிருந்து ஒரு மணி நேரம் மாறியிருக்கும். மாற்றம் ஞாயிறு அதிகாலையில் நிகழ்வதால், சனிக்கிழமை ஆட்டமும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டமும் அந்த ஊர்க் கடிகாரப்படி ஒரே நேரத்தில் தொடங்கினாலும் உங்கள் வீட்டில் ஒரு மணி நேர வித்தியாசத்தில் வரக்கூடும். இதை அறியாமல் இருந்த ஓர் ஆண்டில், ஒரு கால்பந்து ஆட்டத்தின் முதல் பாதி முழுவதையும் நான் இழந்திருக்கிறேன்.

நள்ளிரவும் இதேபோல் ஏமாற்றும். 'ஞாயிறு 1:00 மணி' என்று அட்டவணை சொன்னால், அது நம் வழக்கில் சனிக்கிழமை இரவு. நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடைப்பட்ட ஆட்டங்களை நான் 'சனி இரவு, 1:00' என்று முந்தைய நாளின் பெயரோடுதான் எழுதுகிறேன்.

எந்தத் திரையில் வருகிறது என்பதை உறுதி செய்தல்

ஒளிபரப்பு உரிமை நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. ஒரே போட்டித்தொடரின் உரிமையே இரண்டு மூன்று நிறுவனங்களிடையே பிரிந்திருப்பதும் உண்டு. சில நாடுகளில் நேரலைக்கே தடை இருக்கிறது. இங்கிலாந்தில், கீழ்நிலை லீக் மைதானங்களுக்கு வரும் பார்வையாளர்கள் குறையக் கூடாது என்பதற்காகச் சனிக்கிழமை பிற்பகல் 2:45 முதல் 5:15 வரை கால்பந்து ஆட்டங்கள் நேரலையாக ஒளிபரப்பாவதில்லை. ஆகவே, 'போன வாரம் இந்தச் சேனலில்தானே வந்தது' என்று நம்பிவிடாமல், ஒவ்வோர் ஆட்டத்தின் எதிரிலும் சேனலின் பெயரையோ ஓடிடி செயலியின் பெயரையோ எழுதுங்கள்.

செயலி என்றால் வெள்ளிக்கிழமையே திறந்து பார்க்க வேண்டும். கடவுச்சொல் சரியாக இருக்கிறதா, செயலி புதுப்பிக்கச் சொல்கிறதா, சந்தா முடிந்துவிட்டதா, ஒரே கணக்கில் எத்தனை சாதனங்களில் ஒரே நேரத்தில் பார்க்கலாம் என்ற நான்கும் தெரிந்திருந்தால் போதும். இணையத்தில் எச்டி தரத்தில் பார்க்க ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 2 முதல் 3 ஜிபி வரை தரவு செலவாகும். 4கே தரம் என்றால் 7 ஜிபி வரை போகும். பத்து மணி நேரம் பார்க்கப்போகிறவர், தம் இணைப்பில் தரவு வரம்பு உண்டா என்பதை முன்பே அறிந்திருக்க வேண்டும்.

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் உண்மையில் எவ்வளவு நேரம் ஆகும்

புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். தொடங்கும் நேரத்தை மட்டும் எழுதி, முடியும் நேரத்தை மனக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். என் தாளில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இரண்டு முடிவு நேரங்கள் இருக்கும்: வழக்கமாக முடியும் நேரம், மிகத் தாமதமாக முடியக்கூடிய நேரம்.

கால்பந்தில் 90 நிமிட ஆட்டம், 15 நிமிட இடைவேளை, நடுவர் சேர்க்கும் காயநேரம் ஆகியவற்றையும் கூட்டினால் லீக் ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் சரியாக இருக்கும். நாக்-அவுட் ஆட்டம் என்றால் 30 நிமிடக் கூடுதல் நேரமும் பெனால்டி ஷூட்அவுட்டும் சேரக்கூடும் என்பதால் மூன்று மணி நேரத்தை ஒதுக்குங்கள். ஐரோப்பியக் கிளப் போட்டிகளில், கணக்கு சமமானால் எதிரணியின் மைதானத்தில் அதிக கோல் அடித்த அணியே வெல்லும் என்ற வெளியூர் கோல் விதி 2021இல் நீக்கப்பட்டுவிட்டதால், இரண்டு ஆட்டங்களின் கூட்டு கோல் கணக்கு சமமானால் கூடுதல் நேரத்துக்குத்தான் போகும்.

ஃபார்முலா 1 பந்தயம் கணிக்க எளிதானது. மொனாக்கோவைத் தவிர மற்ற இடங்களில் பந்தயத் தூரம் 305 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். பெரும்பாலும் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பந்தய நேரத்துக்கு இரண்டு மணி நேர உச்சவரம்பு இருந்தாலும், சிவப்புக் கொடி காட்டி நிறுத்தப்பட்டால் இடைநிறுத்தத்தையும் சேர்த்து மொத்தம் மூன்று மணி நேரம் வரை போகலாம். மழை அறிவிப்பு இருக்கும் நாளில் இந்த மூன்று மணி நேரத்தையே கணக்கில் கொள்ளுங்கள். மோட்டோஜிபி எனப்படும் மோட்டார் சைக்கிள் பந்தயம் அதைவிடக் குறுகியது. முதன்மைப் பந்தயம் முக்கால் மணி நேரத்துக்குள் முடியும். 2023 முதல் ஒவ்வொரு சுற்றிலும் சனிக்கிழமையன்று ஸ்பிரிண்ட் எனும் குறும்பந்தயமும் உண்டு.

கிரிக்கெட்டில் டி20 ஆட்டத்துக்கு மூன்றரை முதல் நான்கு மணி நேரம் வரையும், ஒருநாள் ஆட்டத்துக்கு எட்டு மணி நேரமும் வையுங்கள். டெஸ்ட் ஆட்டத்தை முழுவதுமாக உட்கார்ந்து பார்க்கும் வார இறுதியில் வேறு எதற்கும் இடமிருக்காது. ஆனால் இரண்டிரண்டு மணி நேரமாக மூன்று அமர்வுகள், இடையே 40 நிமிட உணவு இடைவேளை, 20 நிமிடத் தேநீர் இடைவேளை என்று அதன் நாள் அழகாகப் பிரிந்திருப்பதால், ஓர் அமர்வை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

கடிகாரமே இல்லாத ஆட்டம் டென்னிஸ். கிராண்ட் ஸ்லாம் ஆடவர் ஆட்டம் ஐந்து செட் என்பதால் இரண்டு மணி நேரத்திலும் முடியலாம், ஐந்து மணி நேரத்தையும் தாண்டலாம். 2012 ஆஸ்திரேலிய ஓபன் இறுதியில் ஜோகோவிச்சும் நடாலும் 5 மணி 53 நிமிடங்கள் ஆடினார்கள். 2022 முதல் நான்கு கிராண்ட் ஸ்லாம்களிலும் கடைசி செட் 6-6 ஆனால் பத்துப் புள்ளி டைபிரேக் என்ற தீர்மானச் சுற்று வைக்கப்படுவதால், 2010 விம்பிள்டனில் இஸ்னரும் மஹுவும் மூன்று நாட்களாக 11 மணி 5 நிமிடங்கள் ஆடியதைப் போன்ற ஒன்று மீண்டும் நடக்க வாய்ப்பில்லை. ஆனாலும் நீளம் குறைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். 2025 ஜூன் 8 அன்று பாரிஸில் அல்கராஸும் சின்னரும் ஆடிய பிரெஞ்சு ஓபன் இறுதி 5 மணி 29 நிமிடங்கள் நீண்டது. பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்க வேண்டிய ஆட்டம் அது. அன்றிரவு ஒன்பது மணிக்கு மியூனிக்கில் போர்ச்சுகலுக்கும் ஸ்பெயினுக்கும் இடையிலான நேஷன்ஸ் லீக் கால்பந்து இறுதி. நடுவில் ஆறு மணி நேரம் இருக்கிறதே, வேறு ஓர் ஆட்டத்தையும் செருகலாம் என்று எண்ணியவர்களுக்கு, கடைசியில் அரை மணி நேர இடைவெளிகூட மிஞ்சவில்லை. ஐந்து செட் ஆட்டத்துக்கு எப்போதும் ஆறு மணி நேரத்தை ஒதுக்கிவிடுங்கள். சீக்கிரம் முடிந்தால் அது ஓய்வுக்கான நேரம்.

அமெரிக்க விளையாட்டுகளில் ஆட்டக் கடிகாரத்தை நம்பக் கூடாது. என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) ஆட்டத்தின் கடிகாரம் 60 நிமிடங்கள். திரையின் முன் மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஆகும். என்பிஏ (கூடைப்பந்து லீக்) ஆட்டம் 48 நிமிடங்கள். இரண்டேகால் முதல் இரண்டரை மணி நேரம் ஆகும். பேஸ்பாலில் 2023இல் பந்து வீசுபவருக்கான நேரக்கெடு வந்தபின் ஆட்டங்கள் குறுகி, இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் அடங்குகின்றன. கபடி, 20 நிமிடங்கள் கொண்ட இரண்டு பாதிகளோடு, ஒரு மணி நேர இடைவெளி எங்கே கிடைத்தாலும் பொருந்திவிடும்.

முதன்மை ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தல்

இப்போது பட்டியலை வெட்ட வேண்டும். ஒரு நாளுக்கு ஒரே ஒரு முதன்மை ஆட்டம் என்பது என் உறுதியான பரிந்துரை. அந்த ஆட்டம் நடக்கும்போது வேறு சேனலுக்கு மாறுவதில்லை, கைபேசியில் வேறு ஸ்கோரைப் பார்ப்பதில்லை. முடிவு எவ்வளவு தாமதமானாலும் எழுவதும் இல்லை. மற்ற ஆட்டங்களை, பகுதியாகப் பார்ப்பவை, பதிவு செய்து பின்னர் பார்ப்பவை, ஸ்கோர் மட்டும் தெரிந்தால் போதுமானவை என்று மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். 2019இல் என் தாளில் டென்னிஸ் இறுதிதான் முதன்மை என்று எழுதியிருந்தால் நான் எதை இழந்திருப்பேன் என்று பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். கிரிக்கெட்டின் பிற்பாதியைப் பதிவிலிருந்து பார்த்திருப்பேன், அவ்வளவுதான்.

தேர்வுக்கு அளவுகோல் என்ன என்று கேட்டால், தொடரின் பெருமையைவிட, முடிவு தெரிந்த பிறகு அந்த ஆட்டத்தைப் பார்க்க உங்களுக்கு மனம் வருமா என்பதையே பாருங்கள். மனம் வராது என்றால் அது நேரலையில் பார்க்க வேண்டிய ஆட்டம். லீக் தொடரின் கடைசி நாளும் அத்தகையதுதான். இங்கிலாந்து பிரீமியர் லீக்கின் இறுதி நாளில் பத்து ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. ஒன்றின் முடிவு இன்னொன்றின் பொருளை நிமிடத்துக்கு நிமிடம் மாற்றுவதால், மறுநாள் பார்க்கும்போது அந்தப் பதற்றம் கிடைக்காது.

மோதும் ஆட்டங்களை எப்படிக் கையாள்வது

ஒவ்வொரு விளையாட்டிலும் உயிர்நாடியான பகுதி வெவ்வேறு இடத்தில் இருக்கிறது. அதை அறிந்தவருக்கு இரண்டு ஆட்டங்களை ஒரே நேரத்தில் பின்தொடர்வது கடினமல்ல. கால்பந்தை இடையில் விட்டுப் போகக் கூடாது என்பது என் எண்ணம். பெரும்பாலான ஆட்டங்களில் இரண்டு மூன்று கோல்கள்தான் விழுகின்றன என்னும்போது, ஒரு கோலைத் தவறவிடுவது ஆட்டத்தின் பெரும்பகுதியைத் தவறவிடுவதாகும். கூடைப்பந்து அப்படியல்ல. புள்ளிகள் தொடர்ந்து குவிவதால் நான்காவது கால்பகுதிக்குப் போய்ச் சேர்ந்தாலும் ஆட்டத்தின் சாரம் கிடைத்துவிடும். கார்ப் பந்தயத்தில் தொடக்கமும் முதல் சுற்றும் தவறக் கூடாதவை. அதன்பின் டயர் மாற்ற வண்டிகள் பிட் எனப்படும் ஓரப் பகுதிக்குள் நுழையத் தொடங்கும் வரை சற்று விலகி இருக்கலாம். டி20 ஆட்டத்தில் முதல் ஆறு ஓவர் பவர்பிளேயும் கடைசி நான்கு ஓவர்களும் முக்கியம். டெஸ்டில் காலையின் முதல் ஒரு மணி நேரத்தையும், 80 ஓவர்களுக்குப் பின் புதிய பந்து எடுக்கப்படும் வேளையையும் விடாமல் பாருங்கள்.

சைக்கிள் பந்தயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் புதியவர்கள் அதன் நீளத்தைக் கண்டே ஒதுங்கிவிடுகிறார்கள். இத்தாலியின் மிலான்–சான் ரெமோ பந்தயம் ஒரே நாளில் கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர் ஓடுகிறது. ஆனால் போட்டி கொதிக்கத் தொடங்குவது கடைசி 30 கிலோமீட்டருக்குள் வரும் சிப்ரெஸ்ஸா, பொஜ்ஜியோ என்ற இரண்டு ஏற்றங்களில்தான். கடைசி ஒரு மணி நேரத்தை மட்டும் பார்ப்பவருக்கும் அந்தப் பந்தயம் முழு நிறைவைத் தரும்.

சேனல் மாற்றுவதற்கு உகந்த இடைவெளிகளையும் ஆட்டங்களே தருகின்றன. டென்னிஸில் வீரர்கள் பக்கம் மாறும்போது 90 விநாடிகளும், செட் முடிந்ததும் 120 விநாடிகளும் கிடைக்கும். ஒரு விக்கெட் விழுந்தபின் அடுத்த மட்டையாளர் வரும் நேரமும், கால்பந்தின் 15 நிமிட இடைவேளையும் அத்தகையவை. இரண்டு திரைகள் இருந்தால் பெரிய திரையில் முதன்மை ஆட்டத்தை ஒலியோடும், சிறிய திரையில் மற்றதை ஒலியில்லாமலும் வையுங்கள். இரண்டு வர்ணனைகள் ஒரே அறையில் கேட்டால் இரண்டுமே மனத்தில் நிற்பதில்லை.

பதிவு செய்யும்போது, செட்-டாப் பாக்ஸ் அட்டவணை காட்டும் முடிவு நேரத்தோடு குறைந்தது ஒரு மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். டென்னிஸ் என்றால் அடுத்து வரும் நிகழ்ச்சிகளையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள். பதிவைப் பார்க்கும் வரை முடிவு தெரியாமல் இருக்க, ஸ்கோர் செயலிகளின் நோட்டிஃபிகேஷனை நிறுத்தி, நண்பர் குழுக்களை ஒலியடக்கி வைக்க வேண்டும். காணொளித் தளங்களின் முகப்பில் ஹைலைட்ஸ் படமே முடிவைச் சொல்லிவிடும் என்பதால் அந்தப் பக்கமே போக வேண்டாம். நேரலையாகப் பார்ப்பவருக்கும் இது பொருந்தும். இணைய நேரலை, கேபிள் அல்லது செயற்கைக்கோள் ஒளிபரப்பைவிடச் சில விநாடிகளோ அரை நிமிடத்துக்கு மேலோ பின்தங்கி வருவதால், பெனால்டி உதைக்கப்படும் முன்பே கைபேசி கோலை அறிவித்துவிடும்.

ஒரு மாதிரித் திட்டம்

ஒரு கற்பனை ஞாயிறை எடுத்துக்கொள்வோம். உங்கள் கடிகாரப்படி பிற்பகல் 2:00 மணிக்கு டி20, 4:30 மணிக்கு ஃபார்முலா 1, 6:30 மணிக்கு ஐந்து செட் டென்னிஸ் இறுதி, இரவு 9:00 மணிக்கு லீக் கால்பந்து. முதன்மை ஆட்டம் டென்னிஸ் என்று முடிவு செய்தால், அது 12:30 மணி வரை போகலாம் என்று எழுதுங்கள். டி20 ஆட்டத்தின் முதல் இன்னிங்ஸை முழுவதும் பார்த்துவிட்டு, 4:30 மணிக்குப் பந்தயத்தின் முதல் சுற்றுகளுக்கு மாறி, ஐந்து மணியளவில் டி20 ஆட்டத்தின் கடைசி ஓவர்களுக்குத் திரும்பி, பந்தயத்தின் இறுதிச் சுற்றுகளோடு ஆறு மணிக்கு முடிக்கலாம். பின்னர் அரை மணி நேரம் திரையை அணைத்துவிட்டு எழுந்து நடங்கள். கால்பந்தைத் தொடக்கத்திலேயே பதிவில் போட்டுவிட்டு, டென்னிஸ் ஒன்பது மணிக்கு முன் முடிந்தால் மட்டும் நேரலைக்கு மாறுங்கள். மழையால் டி20 தாமதமானால் எதை விடுவது என்பதையும் அதே தாளில் எழுதிவைக்க வேண்டும். என் விடை டி20 ஆட்டத்தையே விடுவது. அதில் முடிவு காண இரு அணிகளும் தலா ஐந்து ஓவர்கள் ஆடினாலே போதும் என்பதால், மழைக்குப் பின் அது எப்போது தொடங்கி எப்படி முடியும் என்பதைக் கணிக்க இயலாது.

உடலும் வீடும்

வீட்டில் உள்ளவர்களுக்கு வெள்ளிக்கிழமையே தாளைக் காட்டி, அவர்களுக்குத் திரை தேவைப்படும் நேரத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். செய்து முடிக்க வேண்டிய வேலைகளை சனிக்கிழமை காலைக்கே நகர்த்திவிடுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தூரத்தில் உள்ள ஏதேனும் ஒன்றை இருபது விநாடிகள் பார்ப்பது கண்களுக்கு நல்லது. கைபேசியில் பார்ப்பவருக்கு இது இன்னும் அவசியம். நள்ளிரவுக்குப் பிந்தைய ஆட்டங்களில் வார இறுதிக்கு ஒன்றை மட்டும் நேரலையாகப் பாருங்கள், அதையும் சனி இரவில் வையுங்கள். ஞாயிறு இரவு விழித்தால் திங்கள் காலை வேலைக்குப் போக வேண்டியவருக்கு மிகவும் சிரமம்.

ஞாயிறு இரவு திரையை அணைக்கும் முன் ஐந்து நிமிடம் செலவிட்டு, ஒவ்வோர் ஆட்டமும் உண்மையில் எத்தனை மணிக்கு முடிந்தது என்பதைத் தாளில் நீங்கள் எழுதிய நேரத்தின் பக்கத்திலேயே குறித்து, அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். பார்க்காமல் மிஞ்சிய பதிவுகளைப் புதன்கிழமை வரை வைத்திருந்து, அதற்குள் பார்க்கவில்லை என்றால் அழித்துவிடுங்கள். வியாழக்கிழமை அடுத்த பட்டியல் எழுத உட்காரும்போது அந்த இடம் தேவைப்படும்.